முதலில் பெட்டியை அணை

மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவன் பழைய மனிதனாக இருக்க முடியாது. அங்கே கேட்ட குரல்கள் அவனை விடுவதில்லை. அவற்றை உலகத்துக்குப் பாடிக் காட்டும்வரை அவனுக்கு உறக்கம் என்பதே இல்லை.

எங்கள் தெருமுனைச் சலவைக் கடையின் வாசலில் இப்படி ஒரு தட்டி தொங்கியது. எழுதியவர் கடைக்காரர். அவர் வாசல்வரை போய்வந்தது உண்மைதான். மருத்துவர் அதற்கு வைத்த பெயர் வாய்வு. மழையில் துணி காயவில்லையே என்ற கவலையில் காலையில் எதுவும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மதியம் ஒரு கிண்ணம் அவித்த கடலையை நின்றபடியே விழுங்கியதால் வந்தது.

விடுதியிலிருந்து வந்த அழுக்கு விரிப்புகளைப் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் குவியல்மேலேயே சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நினைவு தப்பவில்லை. எழுந்திருக்கலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று யோசித்தபடி கிடந்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மருத்துவர் வந்து வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கினார். நோய் சத்தத்தோடு வெளியேறியது. குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பக்கத்துக் கடைத் தையற்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகையை அத்தோடு முடித்தாள்.

அன்று மாலையே தெரு அவருக்கு மறுபிறவி என்று பெயர் வைத்துவிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம்போல வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கண்ணை மூடிக் கிடந்த அந்தச் சிறு பொழுதில் அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. நூலகர் தம்முடைய சாம்பல் நிறப் பேண்ட் தயாரா என்று கேட்டார். டீக்கடைக்காரர் காலையில் கொடுத்த காலிக் கிளாஸைத் தேடினார். சலவை இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த மைத்துனர், புது பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை இப்ப யாருகிட்டக் குடுக்கறது" என்று பொதுவாகக் கேட்டார். மருத்துவர் உள்ளே வந்ததும் ஈரக் குடையை எங்கே வைப்பது என்று விசாரித்தார். இவையெல்லாம் மறுபிறவியின் தலைக்குள் ராகத்தோடு சுற்ற ஆரம்பித்தன. கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு முழுநீள இசை நாடகமே எழுதி முடித்துவிட்டார். பெயர், 'கிடந்தேன், கேட்டேன்'.

முதலில் அவருடைய திட்டம் அவரவர் வேடத்தை அவரவரே போடுவது. உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்றார். ஏன் தோன்றவில்லை என்பது ஒத்திகை தொடங்கியதும் தெரிந்தது.

"நான் அப்படிக் கேக்கவே இல்லையே" என்றார் நூலகர்.

"கேட்டீங்க சார். என் காதால கேட்டேன்."

"ஒரு மனுஷன் உயிருக்குப் போராடிட்டு இருக்கும்போது நான் பேண்ட்டைப் பத்திப் பேசுவேனா? நான் ஒரு நூலகர்யா."

"'பேண்ட் ரெடியா'ன்னு கேட்டீங்க. அப்புறம் சூழ்நிலையைப் பாத்துட்டு குரலைத் தாழ்த்தி, 'இல்ல, சாயங்காலமா வரட்டுமா'ன்னு கேட்டீங்க."

"அது மரியாதைக்குக் கேட்டது."

"அந்த மரியாதையத்தான் சார் ரெண்டாவது சரணத்துல வெச்சிருக்கேன்."

தையற்காரி, அழத் தயார், மூக்கைப் பொத்தமாட்டேன் என்றாள். டீக்கடைக்காரர் கிளாஸைத் தேடிய வரியை எடுத்துவிட்டுத் தாம் மயங்கி விழுவதாக எழுதச் சொன்னார். மருத்துவர் ஒத்திகைக்கு வரவே இல்லை. மைத்துனர் மட்டும், "எனக்குப் பாட வராது மாமா, வாசிக்கத்தான் வரும்" என்று தம்முடைய கீபோர்டைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி மாப்ளே. நீ வாசி. இனிமே எல்லாரும் நானே."

"எல்லாரும்னா?"

"பொணம், டாக்டர், நூலகர், தையக்காரம்மா, டீக்கடை, நீ, உங்க அக்கா. ஏழு வேஷம், ஒரே ஆளு. தட்டிய மாத்தி எழுது. உலகிலேயே முதன்முறையாகன்னு போடு."

"உலகத்துல நெறைய பேரு பண்ணியிருக்காங்க மாமா."

"அப்போ நம்ம தெருவிலேயேன்னு போடு. ஆனா 'உலகிலேயே'ங்கற எழுத்து எவ்வளவு பெருசா இருந்திருக்குமோ அவ்வளவு பெருசா போடு."

மழைக்காலம் என்பதால் கடைக்குள் கயிறு கட்டித்தான் துணி காயப் போட்டிருந்தார்கள். கூரை முழுக்க ஈர விரிப்புகள், சட்டைகள், நீலம் சொட்டும் சீருடைகள். மறுபிறவி அந்த விரிப்புகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வரும்போது வேறு ஆளாக வருவார். இடுப்பை ஒடித்துக்கொண்டு வந்தால் தையற்காரி. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தால் டீக்கடை. துணி கொடுக்க வந்தவர்கள் எந்த விரிப்புக்குப் பின்னால் எந்த ஆள் இருக்கிறார் என்று தெரியாமல் வாசலிலேயே நின்று குரல் கொடுத்தார்கள்.

அவருடைய மனைவிக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. தெருவுக்கு அவர் சலவைக்கார அக்கா. கம்பளி விரித்த நீள மேசைக்குப் பின்னால் அவர் காலையில் நின்றால் நின்றதுதான். காலரை முதலில் பின்பக்கம் தேய்த்து, திருப்பி முன்பக்கம் தேய்த்து, மணிக்கட்டுப் பட்டிக்குப் போய், கையைப் பலகையில் மாட்டி, கடைசியில் முதுகுக்கு வருவார். கம்பளிக் கோட்டாக இருந்தால் நனைத்துப் பிழிந்த துணியை மேலே போட்டுத்தான் பெட்டியை வைப்பார். உஸ்ஸென்று ஆவி எழும்பி முகத்தை மறைக்கும். ஆவி இறங்கும்போது அந்த முகம் கொஞ்சம் சிரித்த மாதிரி இருக்கும். புருஷன் தையற்காரியாக அழுதபோதும், மைத்துனராக பெல்ட்டைத் தூக்கிப் பாடியபோதும் அவர் நிஜமாகவே சிரித்தார். பிணத்தின் பாட்டு வந்தபோது கையை நிறுத்திவிட்டே கேட்டார்.

*செத்தவன் கண்ணு மூடும்,*
*செத்தவன் வாயும் மூடும்,*
*காது மட்டும் மூடாது தம்பி,*
*காது மட்டும் மூடாது.*

"இது நல்லா இருக்குங்க" என்றார். மறுபிறவிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில்தான், காட்டாமல் வைத்திருந்த அடுத்த பாட்டையும் பாடிவிட்டார். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். இல்லாத இஸ்திரிப் பெட்டி ஒன்றை இப்படியும் அப்படியும் தள்ளினார்.

*மூச்சு நின்னா நிக்கட்டும்,*
*முதல்ல பெட்டிய நிறுத்து.*
*சட்டை கருகினா சந்தி சிரிக்கும்,*
*புருஷன் கருகினா யாரு கேப்பா.*
*வயரைச் சுத்து, வளையமாச் சுத்து,*
*வந்து அழலாம் அப்புறம்.*

மைத்துனர் பாட்டின் கடைசியில் வாசிக்க வேண்டிய துள்ளலை வாசிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இது யாரு?"

"இது வந்து, ஒரு பாத்திரம்."

"பேரு இல்லாத பாத்திரமா?"

"மனைவி."

"யாரோட மனைவி?"

மறுபிறவி துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பதில் சொல்வது சரியில்லை என்று பட்டிருக்கும்.

"அன்னிக்கு நான் விழுந்ததும் நீ ஓடி வரல" என்றார். "பெட்டிய அணைச்சே."

"கம்பளிக் கோட்டு மேல இருந்துச்சு பெட்டி. அப்படியே விட்டுட்டு வந்திருந்தா கோட்டு எரியும், கம்பளி எரியும், கடை எரியும். நீங்க படுத்திருந்தீங்க. எழுந்து ஓடவா போறீங்க? உங்கள காப்பாத்தத்தான் அணைச்சேன்."

"அது நியாயம். நான் இல்லேன்னு சொல்லல."

"பின்ன?"

"அணைச்சே. நிமித்தி வெச்சே. அதோட வந்திருக்கலாம்ல. வயரை வேற சுத்தினே."

அக்கா பெட்டியின் வயரைப் பார்த்தார்.

"சுத்தினியா இல்லியா? எனக்குச் சத்தம் கேட்டுச்சு. சரக், சரக்குனு. ஒரு சுத்து இல்ல, முழுசாச் சுத்தி, முனையச் செருகிட்டு அப்புறமா வந்து 'ஐயோ என்னங்க'ன்னே."

"பழக்கங்க. கை தானாப் பண்ணுது. பெட்டிய அணைச்சா வயரைச் சுத்தும். அதுக்கு நான் என்ன பண்ண?"

"நானும் அதான் சொல்றேன். கை மாத்திரமே வேலை பாத்துருக்கு. மனசு எங்க போச்சுன்னு தெரியல."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே உடனே தெரிந்தது. அவர் எழுத்தாளர் அல்லவா, நல்ல வரி வந்தால் வாயில் நிற்பதில்லை. அக்கா பெட்டியை எடுத்து ஒரு பள்ளிச் சீருடையைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்து முடித்ததையே திரும்பவும் தேய்த்தார்.

அதற்குப் பிறகு இருவரும் மைத்துனர் வழியாகத்தான் பேசினார்கள். அந்த மனிதர் இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து திருகாணியை வாயில் வைத்திருப்பார்.

"டேய், உங்க மாமாவை சாப்பிட வரச் சொல்லு. ரொட்டி ஆறுது."

"மாமா, ரொட்டி."

"பசிக்கலன்னு சொல்லு மாப்ளே."

"பசிக்கலயாம்க்கா."

"வெறும் வயித்துல இருந்தா மறுபடியும் பொறக்க வேண்டி வரும்னு சொல்லு."

"அக்கா, என்னை விட்டுரு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னா அவரும்தானே கேட்டுக்கிட்டு இருக்காரு."

உண்மையான சிக்கல் வேறு. ஏழு வேடம் மாற்றுவதற்குத் திரைக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். கோட்டைக் கழற்றி வாங்கவும், துண்டைத் தலையில் கட்டவும், கண்ணாடியை மூக்கில் ஏற்றவும் தெரிந்த கை. அக்கா வருவதாகத்தான் இருந்தது. இப்போது வருவாரா என்று கேட்க மறுபிறவிக்கு வாய் வரவில்லை. அவர் வராவிட்டால் நாடகம் இல்லை. அதைவிட, அவர் வராவிட்டால் அந்தப் பாட்டில் எழுதியது மெய்யென்று ஆகிவிடும். நாடகத்துக்கு முந்தைய நாட்களில் இந்த நினைப்பில் மனிதருக்குத் தூக்கமே இல்லை. தட்டியில் எழுதிய வாக்கியம் ஒன்றாவது நிஜமானது அப்படித்தான். ஒருநாள் காலையில் அவரே நேராகப் போய் மேசை முன்னால் நின்றார்.

"அந்தப் பாட்டை எடுத்துடறேன்."

"வேணாம். நடந்ததத்தானே எழுதியிருக்கீங்க. பாடுங்க."

இரண்டு நாள் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஆனா ஒண்ணு" என்றார் அக்கா. "அந்தக் கீச்சுக் குரல் வேணாம். நான் அப்படிப் பேசமாட்டேன்."

மண்டபம் வாசகசாலையோடு சேர்ந்தது. அதன் சாவி நூலகரிடம். சாவி யாரிடமோ, கலையும் அவரிடம். அவர் தீர யோசித்து, மூன்று நிபந்தனைகளோடு மண்டபம் தருவதாகச் சொன்னார். தொடக்கவுரை தாம் ஆற்ற வேண்டும். பேண்ட் என்ற சொல் வரக்கூடாது. தம்முடைய வேடத்தைப் போடும்போது தம்முடைய நிஜக் கோட்டைத்தான் அணிய வேண்டும். கண்ட கண்ட கோட்டில் தம்மைக் காட்டினால் வாசகர்களிடம் தவறான எண்ணம் பரவும்.

"பேண்ட் இல்லாம அந்தப் பாட்டே இல்லியே சார்."

"கால்சட்டைன்னு வெச்சுக்குங்க. அது இலக்கியம்."

கோட்டு வந்து சேர்ந்தது. கரும்பழுப்புக் கம்பளி. நூலகர் விருது வாங்கும் நாளில் போடுவதற்கென்று தைத்தது. விருது வராததால் புதிதாகவே இருந்தது. வாடிக்கையாளரின் துணி கடைக்காரர் உடம்பில் படக்கூடாது என்பது அக்காவின் தொழில் ஒழுக்கம். சொந்தக்காரரே போடச் சொல்லிக் கொடுத்ததால்தான் விட்டுக்கொடுத்தார். ஒத்திகையில் மறுபிறவி அதை மாட்டுவதும், சுருட்டி எறிவதும், மறுபடி மாட்டுவதுமாக இருந்தார். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அக்காவால் ஒரு கட்டத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"டேய், உங்க மாமாகிட்ட சொல்லு. இப்படிக் கசங்கின கோட்டைப் போட்டுக்கிட்டு மேடைல நின்னா நாடகத்தைப் பாக்கமாட்டாங்க, கடையப் பாப்பாங்க. திரைக்குப் பின்னாடி ஒரு மேசையும் கரண்டு போர்டும் வேணும். ஒவ்வொரு தடவையும் ஒரு இழுப்பு இழுத்துக் குடுத்துடறேன்."

மைத்துனர் இயந்திரத்துக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "மாமா, அக்கா வருது."

"கோட்டுக்காகத்தான் வரேன்னு சொல்லு" என்றார் அக்கா.

மறுபிறவி இதைக் கேட்காத மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பி, டீக்கடைக்காரரின் பாட்டை முணுமுணுத்தார். டீக்கடைக்காரர் அவ்வளவு சந்தோஷமாகப் பாடியது அதுவே முதல்முறை.

நாடக நாள் ஞாயிறு பிற்பகல். தூறல் விடவில்லை. மண்டபத்துக்குள் ஈரக் குடைகளும் செருப்புகளும் ஒரு மூலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடந்தன. தெருவே வந்திருந்தது. தாங்கள் எப்படிக் காட்டப்படுகிறோம் என்று பார்க்க ஏழு வேடத்தில் நான்கு வேடத்துக்குரியவர்கள் குடும்பத்தோடு வந்து முன்வரிசை பிடித்திருந்தார்கள். ஒத்திகைக்கு வராத மருத்துவர்கூட வந்திருந்தார்; கையில் குடை, அதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலகர் தொடக்கவுரை ஆற்றினார். கலை என்றால் என்ன என்று கேட்டு, அதற்குப் பதில் சொல்லாமல், மரணம் என்றால் என்ன என்று கேட்டார். இரண்டும் ஒன்றே என்று முடிப்பதற்குள் குழந்தைகள் தண்ணீர் கேட்க ஆரம்பித்துவிட்டன. கடைசியில், "இதில் வரும் நூலகர் பாத்திரம் யாரையும் குறிப்பதல்ல. அவர் அணியும் கோட்டு என்னுடையது" என்று சொல்லி அமர்ந்தார்.

மறுபிறவியைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். மனிதர் நன்றாக நடித்தார். வசனம் எழுதும்போது இருந்த ஆடம்பரம் ஆள் மாறும்போது இல்லை. தையற்காரி அழும்போது தோளில் கிடக்கும் அளவுநாடாவைச் சரிசெய்துகொள்வாளே, அதை அப்படியே செய்தார். தையற்காரியின் பிள்ளைகள் முதலில் சிரித்தன. அவள் அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள், அளவுநாடாவைச் சரிசெய்துகொண்டே. ஒருமுறை அவசரத்தில் தலைத்துண்டை எடுக்க மறந்து, தையற்காரியின் கோலத்திலேயே நூலகரின் கால்சட்டையைக் கேட்டுவிட்டார். அன்றைக்கு விழுந்த சிரிப்பில் அதுதான் பெரிது. பிற்பாடு அதற்கு நவீன உத்தி என்று பெயர் வைத்தார்.

திரைக்குப் பின்னால் நடந்தது இன்னொரு நாடகம். விரிப்பு ஒன்றைக் குறுக்கே கட்டியதுதான் திரை. அங்கே அக்கா மேசைமேல் கம்பளி விரித்து, பெட்டியைச் சூடாக வைத்துக்கொண்டு நின்றார். மறுபிறவி ஓடிவந்து கையைப் பின்னால் நீட்டுவார். கோட்டு கழன்றுவிடும். தலையை முன்னால் நீட்டுவார். துண்டு ஏறிவிடும். அவர் வெளியே போன வேகத்தில் அக்கா ஈரத்துணியைப் போட்டுக் கோட்டின் மடிப்பில் பெட்டியை ஓர் இழுப்பு இழுப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்தான் தாமதமாகியிருக்கும். ஒருமுறை மட்டும் மறுபிறவியின் நெற்றியில் வழிந்த வியர்வையை அக்கா முந்தானையால் ஒற்றிவிட்டார். அது நாடகத்துக்குத் தேவையில்லாத வேலை.

பிணக் காட்சி வந்தது. மேடை நடுவில் சலவை செய்த விரிப்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். மழை ஈரம் தட்டாமல் இருக்க அக்கா கிளம்பும்போதுதான் தேய்த்து, சூட்டோடு மூட்டை கட்டிக் கொண்டுவந்தது. மறுபிறவி மார்பைப் பிடித்து, சுழன்று, அதன்மேல் சாய்ந்தார். கண்ணை மூடினார். இனி மைத்துனர் ஒரு சோக மெட்டைச் சுற்றி வாசிப்பார். பிணம் கண்ணைத் திறந்து 'காது மட்டும் மூடாது' என்று பாடும். அதன்பிறகு மனைவியின் பாட்டு, கடைசியில் நூலகர். அதற்காக அக்கா கோட்டை மேசையில் மல்லாக்க விரித்துக்கொண்டிருந்தார்.

மெட்டு ஒரு சுற்று வந்தது. பிணம் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு சுற்று. மைத்துனர் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். இன்னொரு சுற்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக. மண்டபம் உருகிப்போய் உட்கார்ந்திருந்தது. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலகர் பக்கத்தில் இருந்தவரிடம், "இதுதான் மௌனத்தின் மொழி" என்று உரக்கச் சொன்னார்.

திரைக்குப் பின்னால் அக்காவின் கை கோட்டின்மேல் போய்க்கொண்டிருந்தது. மெட்டு திரும்பத் திரும்ப வந்தது. கை மெதுவாகியது. நின்றது. காலையிலிருந்து புருஷன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதும், முந்தைய ராத்திரிகளில் கண் மூடவில்லை என்பதும் அக்காவுக்குத் தெரியும். அடுத்ததாக நாங்கள் பார்த்தது, திரை விரிப்பு பாதி கிழிந்து தொங்க, சலவைக்கார அக்கா வெறுங்காலோடு, கையில் ஈரத்துணியோடு, மேடைக்கு ஓடி வந்தது. ஓடி வந்தார் என்பதுகூடச் சரியில்லை. விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

குவியலின் பக்கத்தில் மண்டியிட்டு, புருஷனின் முகவாயைப் பிடித்து ஆட்டினார். காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னார். மெட்டின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீளமாகவே சொன்னார், நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது தெரிந்தது. பிறகு அவர் மார்பில் காதை வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். தலையைத் தூக்கியபோது அந்த முகத்தில் வந்த மாற்றத்தை எந்த நடிகையாலும் செய்து காட்ட முடியாது. தொடையில் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார்.

மறுபிறவி துள்ளி உட்கார்ந்தார். கண்ணெதிரே மனைவி. அவர் பிணத்தின் பாட்டை விட்டுவிட்டு நேராக,

*மூச்சு நின்னா நிக்கட்டும்,*
*முதல்ல பெட்டிய நிறுத்து*

என்று உச்சக்குரலில் தொடங்கினார். மண்டபம் இடிந்து விழுவதுபோல் கைதட்டியது. அதே நேரம் கிழிந்த திரைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. கம்பளி கருகும் வாடை. அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள். நூலகர் மட்டும் தட்டிய கையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, மெதுவாக எழுந்தார்.

"அது என் கோட்டு" என்றார்.

இந்த வசனத்துக்கும் பலத்த வரவேற்பு. மைத்துனர் கீபோர்டை விட்டுப் பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினார். அதைச் சுற்றி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் உருவத்தை அச்சாக எடுத்திருந்தது. கூர்முனை மேலே, அகலம் கீழே, நடுவில் விரல் போகும் ஓட்டை. நூலகர் மறுநாள் காலை கடைக்கு வந்தார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை நாங்கள் கண்டோம். ஆனால் பாதித் தெருவைக் கடப்பதற்குள் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கலைக்காக விருதுக் கோட்டையே எரிக்கக் கொடுத்தாரே என்று நெகிழ்ந்தார்கள். கடை வாசலுக்கு வந்தபோது அவர் அதை நம்பத் தொடங்கியிருந்தார். கோட்டு இப்போது வாசகசாலையில் கண்ணாடி அலமாரிக்குள் தொங்குகிறது, முதுகைக் காட்டிக்கொண்டு. இடம் வேண்டுமென்று கலைக்களஞ்சியத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

மறுபிறவியைப் பிடிக்க முடியவில்லை. யார் துணி கொடுக்க வந்தாலும் நிறுத்தி வைத்து, "அந்த நீண்ட மௌனத்தைக் கவனிச்சீங்களா? அது திட்டமிட்டது" என்றார். சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில், "எங்க வீட்டம்மா எப்படி வந்தா?" என்று கேட்பார். எதிரே இருப்பவர், ஓடி வந்தார் என்பார். "ஓடியா? செருப்பு?" செருப்பில்லை என்பார். "பெட்டி?" என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்தும், அது சொல்லப்படும்வரை காத்திருப்பார். டீக்கடைக்காரர் இதையே பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினார்.

கடைக்குள் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடும்போது அவர் நேராகவே கேட்டார்.

"பெட்டிய அணைக்காமயே வந்தியாமே."

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா." மறுபிறவி அந்தச் சொல்லை முட்டையோடு சேர்த்து மென்றார். "கோட்டு மேலயே வெச்சுட்டு."

"மறந்துட்டேன்னு சொல்றேன்ல. சாப்பிடுங்க."

"காதுல ஏதோ சொன்னியாமே."

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

அக்கா ரொட்டியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார். "காது மட்டும் மூடாதுன்னு பாடினவரு நீங்கதானே. உங்களுக்குத் தெரியாதா?"

மறுபிறவி தலையை ஆட்டினார். தெரியும் என்ற மாதிரியும் இருந்தது, இல்லை என்ற மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பலவிதமாகச் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தார். அக்கா சொல்லவில்லை. கோட்டுகளைத் தேய்க்கும்போது ஆவிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார். பெட்டியை அணைத்ததும் வயரைச் சுற்றினார். மறுபிறவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகத்தை மறுபடி போட வேண்டும் என்று தெருவில் கேட்கிறார்கள்; மனைவியின் பாட்டில் கடைசி இரண்டு வரியை மாற்றி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்.

மைத்துனரிடம்தான் எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிணம் கண்ணைத் திறக்காதபோது அவர் ஏன் அந்த மெட்டை அத்தனை சத்தமாக வாசித்தார் என்று கேட்டோம். அவர் கொஞ்ச நாள் மழுப்பிவிட்டு, கடைசியில் சொன்னார். கீபோர்டுக்கும் அந்த விரிப்புக் குவியலுக்கும் நடுவே ஒரு கை தூரம்தான் இருந்தது.

மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.